கொக்கி

மாரிக்குப்பத்தில் ஏறி
ஹூடி ஹால்ட்டில் இறங்குகிறேன்.
டைல்ஸ் குடோனுக்கும் டீசல் மெக்கானிக்குக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத ஷெட்.
உள்ளே எட்டுப் பெண்கள், ஒரு ஏசி,
அதுவும் பேட்டரிகளுக்கு.

என் வேலை இறக்கைகளைச் சமன் பார்ப்பது.
கனத்த பக்கம் தானே சாயும்.
இலேசான பக்கத்தில்
நகக்கண் அளவு டேப் ஒட்டுவேன்.
எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும்.
ஆறு வருடச் சம்பளத்தில் வீட்டில்
இப்படி ஒன்றையும் நிறுத்த முடிந்ததில்லை.

வெள்ளை அடித்தவை மண்டியா போகும்,
கரும்புக்கு மருந்து தெளிக்க.
நீலக்கோடு போட்டவை ஏரிக்காரர்களுக்கு,
வர்த்தூர் நுரையைப் படம் எடுக்க.
பருந்து கொத்தி விழுந்த ஒன்றை
பரிசல் போட்டு அள்ளி வந்தார்கள்,
மூன்று நாள் என் மேசையே நாறியது.
சாம்பல் நிறத்தவை எங்கே போகும் என்று
பெட்டியில் இருக்காது. எண் மட்டும்.

மோட்டார் ஒன்றேதான்.
வயிற்றுக்குக் கீழே கொக்கியும் ஒன்றேதான்.
இருநூறு முறை திறந்து மூடினால்தான்
கையெழுத்துப் போடுவேன்.

சோதனைக்கு அரிசிப்பையில் மணல் கட்டுவோம்,
பத்து கிலோ.
பின்பக்கக் காலி மனையில்
சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி.
ஒரு முழம் தள்ளி விழுந்தால்
இன்ஜினியர் பையன் முகம் சுளிப்பான்.
குறிமேலேயே விழுந்தால் கைதட்டுவோம்.
நானும் தட்டுவேன்.

ஒருநாள் கேட்டேன்,
மணலுக்குப் பதிலா அங்கே என்ன சார் கட்டுவாங்க?
சூப்பர்வைசர் நாகேந்திரப்பா
பொய் சொல்ல வராத மனிதர்.
'கொத்தில்லம்மா' என்றார்.
தெரியாது என்பதற்குக் கன்னடம்,
பிறந்ததிலிருந்து கேட்கிற சொல்தான்.
அன்றைக்கு மட்டும்
தமிழில் விழுந்துவிட்டது காதில்:
கொத்து,
கொத்துக் கொத்தாக.

வெள்ளை திரும்பி வரும், மருந்து உறைந்த மூக்கோடு.
நீலம் வரும்.
சாம்பல் சர்வீசுக்கு வருவதே இல்லை.
ஆனியில் ஒன்று வந்தது,
கை முறிந்து, யாரோ துணியில் சுற்றி.
மோட்டாரைப் பிரித்தேன்.
அச்சில் இறுகியிருந்தது கம்பளி நூல்,
சிவப்பு, கையால் நூற்றது,
ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து.
சால்வையா, குல்லாவா,
கொடியில் காய்ந்ததா, ஆள்மேல் இருந்ததா?
இடுக்கியால் எடுக்க முக்கால் மணி நேரம்.
படிவத்தில் 'அந்நியப் பொருள்' என்று ஒரு கட்டம்.
நூல் என்று எழுதினேன்.
நீளம் கேட்டிருந்தது. அளந்தேன்.
அறுபத்தொரு சென்டிமீட்டர்.

அன்று மாலை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர்
போனில் ஏதோ யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மேலிருந்து எடுத்த படம்.
எறும்பு போல ஓர் ஆள் ஓடுகிறான்,
நிற்கிறான், அண்ணாந்து பார்க்கிறான்.
சத்தம் இல்லாத படம் அது.
எனக்குக் கேட்டது.
பங்காருபேட்டையில் அவர் இறங்கும்வரை கேட்டது.

போன ஞாயிறு லிங்கராஜபுரத்தில்
சித்தி மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம்.
மாதா கோவில் படியில் ஜோடி இறங்கும்போது
தலைக்கு மேல் அதே இரைச்சல்.
வீடியோக்காரன் ஏற்பாடு.
பின் இடது இறக்கை சமன் இல்லை,
அரை டேப் போதும் என்றது காது.
கீழே தொங்கியது ஒரு வலைப்பை.
பாதிரியார், சர்பத் கொடுத்த பையன்,
கண் தெரியாத ஆல்பர்ட் மாமாகூட
அண்ணாந்து வாய் திறந்து சிரித்தார்கள்.
கொக்கி திறந்தது.

ரோஜா இதழ்கள்தான்.
ஒரு விரல்கூடக் குறி தப்பவில்லை.

ஜெசிந்தாவின் தலைமேல்
என் இரண்டு கையும் கவிந்திருக்கிற
அந்த ஒரு படத்தை மட்டும்
ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று
சொல்லிவிட்டார்களாம்.